கசக்காத சிவப்பு

சிவப்பு மருந்து என்றால் சனம் நம்பிக் குடிக்கும். வெள்ளையாகக் கொடுத்தால், "என்ன ஐயா, சுண்ணாம்புத் தண்ணியோ?" என்று கேட்கும். மருந்து கலந்து கொடுக்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்லுவார். சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார். நான் சிரிக்கவில்லை. ஏன் அப்படி என்று யோசித்தேன். என்னிடம் பிழை என்று ஏதும் இருந்தால் அது அங்கேதான் தொடங்குகிறது.

மரண விசாரணை அதிகாரி ஐயா, நீங்கள் கதிரை தந்து, தேத்தண்ணீரும் தந்து, ஆறுதலாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். டொக்டர் பரமலிங்கம் என்னைக் கள்ளன் என்று சொல்லியிருக்கிறார். மலேரியாக் குளிசை மாத்திரைகளை நான் கடைக்காரனுக்கு விற்றுவிட்டேனாம். எங்கள் பரம்பரையில் ஒருவரும் பிறத்தியார் பொருளில் கை வைத்ததில்லை. அந்த ஒரு சொல்தான் என்னை வதைக்கிறது. மற்றதெல்லாம் விளங்கப்படுத்தக்கூடிய விஷயம்.

துணுக்காயில் டொக்டருடைய டிஸ்பென்சரியில் மருந்து கலப்பது என் வேலை. அவர் வவுனியாவிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நான்தான். ஒருமுறை யாழ்ப்பாணத்தில் தம்பி வீட்டில் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகையில் நிறங்களைப் பற்றி வாசித்தேன். சிவப்பு உடம்புக்கு உசார் கொடுக்குமாம். நீலம் மனத்தைத் தணிக்குமாம். பச்சைச் சுவருக்குள் இருப்பவன் சண்டைக்குப் போகமாட்டானாம். வாசித்ததையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. நோயாளிகள் காத்திருக்கும் விறாந்தைக்கு என் கையாலேயே பச்சை பூசிப் பார்த்தேன். நான் முந்தி, நீ முந்தி என்று பிடுங்குப்பட்ட சனம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. டொக்டரிடம் சொன்னேன்.

"பெயின்ற் மணத்திலை தலை சுத்தியிருக்கும், ஏரம்பு" என்றார்.

இப்படித்தான் ஐயா. பதினைந்து வருடமாக அவருக்கு மருந்து கலக்கிறேன். ஒருநாளாவது நான் சொன்ன ஒரு வசனத்தை அவர் முழுதாகக் கேட்டதில்லை.

குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிற வீட்டு வடிவம்மாவுக்கு நித்திரை வருவதில்லை. சீனித் தண்ணீரில் நீல நிறம் கலந்து கொடுத்தேன். வேறொன்றும் இல்லை. அடுத்த கிழமை வந்தபோது அவர் முகமே தெளிந்திருந்தது. "அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடந்தனான் ஐயா. நீங்கள் நல்லாய் இருக்கோணும்" என்றார். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, புருஷன்மாரிடம் அடிவாங்கிய துக்கம் எல்லாம் என் போத்தல்களுக்கு அடங்கின. இதையும் டொக்டரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே, "அது மனக் காய்ச்சல். உடம்புக் காய்ச்சலுக்கு உம்மடை நிறம் நிண்டு பிடிக்குமோ?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. கேட்டவர் அவர், விடை தேடியவன் நான். இதை யாரும் இப்போது நினைத்துப் பார்க்கிறார்களில்லை.

மாரி முடிந்து காய்ச்சல் காலம் வந்தது. சிறுபிள்ளைகளுக்குக் குளிசையைப் பொடியாக்கி, இனிப்பும் நிறமும் சேர்த்துக் கலந்து கொடுப்பது எங்கள் வழக்கம். எவ்வளவு இனிப்புப் போட்டாலும் குளிசையின் கசப்பு நாக்கில் நிற்கும். காய்ச்சல் விட்டால் பெயர் குளிசைக்குத்தான் போகும். பால் பொங்கினால் அடுப்பை யார் கும்பிடுகிறார்கள்? நிறத்தின் பலத்தை அறிய வேண்டுமென்றால் குளிசையை விட்டுவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு இது.

யாருக்கு என்பதுதான் யோசனையாக இருந்தது. வடிவம்மா வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கூடினால் உடனே சைக்கிளில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுவார்கள். பரிசோதனை கெட்டுவிடும். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காட்டோரம் குடிசை போட்டிருக்கிற சனம் அப்படியில்லை. கொடுத்ததைக் குடிப்பார்கள். இரு என்றால் இருப்பார்கள். அவர்களில் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

மீனம்மா தன் மகள் சிவலட்சுமியைத் தூக்கி வந்தாள். ஐந்து வயதிருக்கும். டொக்டர் பார்த்து மலேரியா என்று சொல்லிக் குளிசை எழுதினார். நான் சிவப்புப் போத்தலைக் கொடுத்தேன். நல்ல சிவப்பு, செவ்வரத்தம்பூ மாதிரி. மறுநாள் போய்ப் பார்த்தேன். பிள்ளை எழுந்திருந்து சிரித்தது. "செவப்புத் தண்ணி" என்று கையை நீட்டியது.

"கசக்கவே இல்லீங்க சாமி. இன்னும் வேணும்னு அழுவுது" என்றாள் மீனம்மா.

அன்று நான் பட்ட சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லி விளங்காது. கலியாண நாளிலும் நான் அப்படி இருந்ததில்லை.

அடுத்த நாள் காய்ச்சல் திரும்பியது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது முறைக்காய்ச்சல். இது வன்னியில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சிரிப்பு காய்ச்சல் முறைப்படி விட்டதால் வந்த சிரிப்பில்லை. நான் சிவப்பைக் கூட்டினேன். குடிசையில் கிடந்த வெள்ளைப் போர்வையை எடுத்துவிட்டுச் சிவப்புச் சேலை ஒன்றைப் போர்த்தச் சொன்னேன். டொக்டர் வரும் நாளில் பிள்ளையை அலைக்க வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னேன். எந்த மருந்து கலக்கிறவன் நோயாளி வீட்டுக்கு நடந்து போகிறான், சொல்லுங்கள்.

பிறகு பிள்ளை பேச்சை நிறுத்தியது. ஒரு மத்தியானம் கையும் காலும் இழுத்தன. தகப்பன் சுடலைமுத்து துவாயைக் கையில் முறுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிறட்டுங்களா சாமி?"

"இன்னும் ஒரு நாள் பொறு. மருந்து பிடிக்கிற நேரம் இது" என்றேன்.

அவன் பொறுத்தான். பின்னேரம் பிள்ளை போய்விட்டது.

பிள்ளையின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகு மீனம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள். போத்தலைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள். வேறு யாருக்காவது உதவுமாம். வாசலிலேயே நின்று, "நாந்தான் வேளைக்கு வேளை சரியாக் குடுக்கலையோ சாமி?" என்று கேட்டாள். ஒருநாள் கொஞ்சம் பிந்தித்தான் கொடுத்தாளாம். ஓம், அதுவாக இருக்கலாம் என்றேன். அவளுக்கும் ஒரு காரணம் வேண்டுமல்லவா? அழுதுகொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நன்றாக நித்திரை வருகிறது. ஆனாலும் நான் யோசிக்காமல் இருக்கவில்லை. யோசித்தபோதுதான் பிழை பிடிபட்டது. காய்ச்சல் சூடு, சிவப்பும் சூடு. சூட்டுக்கு மேல் சூடு கொடுத்திருக்கிறேன். அதனால்தான் பக்கத்துக் குடிசை வீரபாகுவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நீலம் கொடுத்தேன்.

அதைத்தான் டொக்டர் கெடுத்தார். காய்ச்சல் விடவில்லை என்று வீரபாகு அவரிடம் தூக்கி வந்த அந்தப் பிள்ளையின் போத்தலைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கசக்கவில்லை. உடனே என் கழுத்துப் பட்டியைப் பிடித்து, "குளிசையள் எங்கை? ஆருக்கு வித்தனீர்?" என்று கத்தினார். நான் பதில் சொல்லுமுன் பிள்ளையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குளிசை கொடுத்து, ஊசியும் போட்டார்களாம். பிள்ளை பிழைத்துவிட்டது. நல்லது. ஆனால் எதனால் பிழைத்தது என்று இனி யாரால் சொல்ல முடியும்? ஏற்கெனவே இரண்டு நாள் நீலம் குடித்த பிள்ளை அது. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் டொக்டர் கேட்ட கேள்விக்கே விடை கிடைத்திருக்கும். படித்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

சரி. அதை விடுங்கள். நீங்கள் கேட்டது குளிசைகளைப் பற்றி. மருந்து அலுமாரியின் கீழ்த்தட்டில், பஞ்சுக்குப் பின்னால் ஒரு தகரப் பிஸ்கட் பேணி இருக்கிறது. சிவலட்சுமிக்கு உரியதும் அதில்தான், மற்றவர்களுக்கு உரியதும் அதில்தான். ஆளைவிட்டு எடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்றுகூடக் குறையாது. பிறகாவது என்னைக் கள்ளன் என்று சொல்லாதிருக்கட்டும்.