வெர்ன் வீட்டைச் சாய்ச்சது யாரு?

...மொதல்ல அந்த டெக்சஸ் மாடுங்க வாயைக் கட்டணும் தம்பி! ஏப்பம் விட்டே பூமியச் சூடாக்குதுங்களாம், ரேடியோவுல சொன்னான். அது அங்க ஏப்பம் விடுது, இங்க வடகோடிப் பனி ஊரு ஃபேர்பேங்க்ஸ்ல என் வீடு சாயுது. இது என்ன நியாயம்?

பாத்து, பாத்து... கதவைப் புடிச்சுக்க, அது தானாத் திறந்துக்கும். ஜாக்கியெல்லாம் கொண்டாந்திருக்கீல்ல? வீட்டைத் தூக்கி நேரா நிறுத்து, போதும். காரணம் நீ தேட வேணாம், எனக்கே தெரியும்.

போன மாசம் டார்லீன்... என் பொஞ்சாதி... மேசை மேல முட்டைய வச்சா. அது உருண்டு கீழ விழுந்து, நாய் நக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு ஆங்கரேஜுக்கு அக்கா வீட்டுக்குக் கெளம்பிட்டா. "வச்ச முட்டை வச்ச எடத்துல நிக்கட்டும் வெர்ன், அப்பக் கூப்பிடு"ன்னுட்டா! நான் மூஸ் மான் கறி வறுத்தா செருப்பைக் கடிக்கிற மாதிரி இருக்கு. பேச ஆளில்ல தம்பி. அதான் உன்னப் புடிச்சுக்கிட்டேன்.

எல்லாம் அந்த ஏரோப்ளேன்காரனுங்களாலயும்தான். வெயிலு பத்தலன்னு ஹவாய்க்குப் பறக்கறானுங்க. அங்க போற வெயிலு இங்க வந்துடுச்சு! வீட்டுக்கடியில காலங்காலமா கல்லா உறைஞ்சு கெடந்த மண்ணு, இப்ப கஞ்சியா எளகிப்போச்சு. என்ன? பக்கத்து வீடு நேரா நிக்குதா? லாயிடுக்கு எப்பவுமே அதிர்ஷ்டம்ப்பா.

வாசல்ல எஞ்சின் ஓடுதே, அது என் பிக்கப்பு வண்டிதான். இந்தக் குளிர்ல நிறுத்தினா மறுபடி உசுரு வராது. ஒரே ஒரு வண்டி விடுற பொகையிலயா ஒலகம் சூடாயிடும்? எல்லாரும் இதையேதான் சொல்றாங்களா? அவனுங்களப் போயி கேளு!

ஏய்... எங்க குனியற? அடியிலயா? அந்தப் பலகையத் தொடாத தம்பி... தொடாதன்னா...

எடுத்துட்டியா.

ஆமா. காத்து சூடாத்தான் வரும். ஹீட்டர் வச்சிருக்கேன். மண்ணு எளகாம இருக்க ஊர்ல எல்லாரும் வீட்டுக்கடியில குளிர்காத்து போக எடம் விடுவாங்க, தெரியும்ப்பா! நான்தான் பலகை வச்சு சுத்தி அடைச்சேன். டார்லீன் காலு இருக்கே, ஐஸு! படுத்ததும் கொண்டாந்து என் முதுகுல வைப்பா, நான் அலறுவேன், அவ சிரிப்பா. தரை வெதுவெதுன்னு இருந்தா சந்தோஷப்படுவாளேன்னு செஞ்சேன். சந்தோஷப்பட்டா தம்பி! வெறுங்காலோட சமையல்கட்டுல ஒரு ஆட்டமே போட்டா. அப்புறம்தான் முட்டை உருண்டுச்சு...

அப்படிப் பாக்காத. பலகைய எடுத்தாத்தான் மண்ணு மறுபடி இறுகுமா? ஹீட்டரையும் எடுக்கணுமா?... டெக்சஸ் மாடுங்கள ஒண்ணுமே பண்ண மாட்டியா?

சரி சரி. பிச்சு எறி எல்லாத்தையும். அவ வந்தாப் போதும். காலு சில்லிட்டா, என் முதுகு வேற எதுக்கு இருக்கு?