பின்னால் வந்த காலடி

நடைப்பந்தயச் சங்கத்தின் நற்பேறாய் வாய்த்த தலைவர் ஹார்கிரீவ்ஸ் அவர்களே! முழங்கால் தேய்ந்தும் முகம் வாடாத மூத்த வீரர்களே! கணவன்மார் கூலியைப் பந்தயத்தில் விட்டு வந்தபோதெல்லாம் கஞ்சி காய்ச்சிக் காப்பாற்றிய ஷெஃபீல்டு நகரத்துத் தாய்மார்களே! ஜெத்ரோ ஆம்லரின் வணக்கம்.

ஆறு நாள் நடந்து, ஐந்நூறு மைல் கடந்து, நான் தனியாக வென்றதாகச் சொன்னார் தலைவர். தனியாகவா? தனிமை என்றால் என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள்.

பெரிய கூடத்துக்குள் வட்டத் தடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அந்தப் பந்தயத்தில், என் போட்டியாளன் ஆம்புரோஸ் கிளெக் என் குதிகாலை ஒட்டியே நடந்தான். முந்தமாட்டான், பிந்தமாட்டான். முன்னால் போகிறவனின் நெஞ்சை நொறுக்க நம் தொழிலில் எல்லோரும் செய்கிற தந்திரம்தான். ஐந்து நாளும் அவன் காலடி! தடத்தில் தூவிய மரத்தூளில் அவன் காலடி! கண்ணை மூடினாலும் அவன் காலடி! இவன் எப்போது தொலைவான் என்று ஏங்கினேன். ஆறாம் நாள் காலையில் பாதம் வெடித்து அவன் விலகினான். மற்றவர்கள் முன்பே விலகியிருந்தார்கள். வெற்றி யாருக்கென்று தெரிந்ததும் பந்தயம் கட்டிய கூட்டமும் கலைந்தது. ஆனால் இரவு பத்துக்குள் ஐந்நூறைத் தொட்டால்தான் பரிசான வெள்ளி இடைக்கச்சை கிடைக்கும். இன்னும் முப்பது மைல் பாக்கி. என் கால்கள் நின்றுவிட்டன.

ஏன் சிரிக்கிறீர்கள், ஓரத்து நண்பரே? அன்றும் கலையாமல் மிஞ்சிய, உங்களைப் போல் ஒருவர் கத்தினார்: "யோவ், ஆளே இல்லாத இடத்துல யாருக்குய்யா பயந்து நிக்கிற?"

பயமில்லை ஐயா. அத்தனை பெரிய கூடத்தில் என்னைத் துரத்தக்கூட ஒருவன் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வெட்கத்தை விட்டு, தடத்தோரம் ஓய்வுக்குப் போட்டிருந்த கிளெக்கின் கூடாரத்துக்குள் தலையை நீட்டினேன். அவன் கால்களை வாளித் தண்ணீரில் வைத்திருந்தான்.

"கிளெக்கு, நீ இல்லாம நடக்க முடியலடா."

"உன்னை ஒடைக்கத்தானடா பின்னாடியே வந்தேன்! இப்ப ஒடஞ்சதுக்கு என்கிட்டயே வந்து அழுவுறியா?"

"ஆமாடா."

வாளியிலிருந்து கால்களை வெளியே எடுத்தான். "விலகினவன் தடத்துல கால் வைக்கக் கூடாதே. நீ போ. நடந்துகிட்டே இரு."

போனேன். வேலிக்கு வெளியே உட்கார்ந்து, தன் பூட்ஸ் இரண்டையும் கைகளில் மாட்டிக்கொண்டு, பலகையில் தட்டினான் கிளெக். இடது, வலது! இடது, வலது! தோற்றவன் தட்டினான், நான் நடந்தேன்! முப்பது மைலும் தட்டினான், நான் நடந்தேன்! "நிமிந்து நடடா, கழுத!" என்று நடுநடுவே வசவு வேறு. அவனா என் எதிரி? அவனைவிட எனக்கு நெருங்கியவர் யார்?

சென்ற டிசம்பரில் கிளெக்கை அடக்கம் செய்தோம். அவன் பெட்டிக்குப் பின்னால் நான் நடந்தேன். எனக்குப் பின்னால் எவருமில்லை. இப்போதெல்லாம் சந்தைக்குப் போனாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறேன்.

அன்பர்களே, விருதுக்கு நன்றி, விருந்துக்கு நன்றி. நான் இறங்கும்போது கைதட்ட வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர் வாசல்வரைக்கும் என் பின்னால் நடந்து வாருங்கள். வணக்கம்.