குடமுடைச்சா மேடு

கேளுங்க, தாமிரவருணிக்குப் பாலம் வராத காலம். ஆத்தோரப் பட்டணத்துல பள்ளத்தெருன்னு ஒரு தெரு. பேருக்கேத்த பள்ளம். அங்க வாக்கப்பட்டு வந்தவ நீலம்மை, நாஞ்சில் நாட்டுக்காரி. அவ ஊர்ல குடிக்கிற தண்ணியை வெள்ளம்னுதான் சொல்லுவாவ. நமக்கு வெள்ளம்னா வீட்டை அடிச்சிட்டுப் போறதுல்லா?

தெருவுக்கே தண்ணி சுமக்கது அவ பாடு. விடிஞ்சா குடம், அடைஞ்சா குடம். வாசலுக்கு வாசல் நின்னு, "வெள்ளம் வந்துட்டு!"ம்பாளாம். "ஏ, ஓடுங்க, ஓடுங்க, வெள்ளம் வந்துட்டாம்!"னு தெருவே சிரிக்குமாம். மாமியா ஆவுடைச்சியும் கூடச் சேந்து சிரிப்பாளாம். பாவி மக்க, அவ கொண்டாந்த தண்ணியைக் குடிச்சிக்கிட்டே சிரிச்சிருக்காவ. அவளும் சிரிச்சுப் பாத்தா, அழுது பாத்தா, பொறவு ரெண்டுக்கும் சீவன் இல்லாமப் போச்சு.

ஒரு மாசி மாசம். பனி சிவசிவான்னு ஓடிட்டு. வேம்பு பூத்துட்டு, மா பூத்துட்டு, குயிலு தொண்டை கிழியக் கூவுது. இனி மழை ஏதுன்னு பள்ளத்தெருவுல பந்தல் போட்டுக் கல்யாணம். சனமெல்லாம் பந்தல்ல. நீலம்மை மட்டும் ஆத்துக்கும் தெருவுக்கும் நடக்கா, நடக்கா, நடந்துக்கிட்டே இருக்கா. இடுப்பு விட்டுப் போச்சாம்.

உச்சி வெயில்ல குனிஞ்சு குடத்தை முக்குதா, தண்ணி செம்மண்ணாக் கலங்கி வருது. முங்காத படியெல்லாம் முங்குது. வேரோட ஒரு மரம் உருண்டு வருது. மலையில கொட்டியிருக்கு!

ஓடியாந்தா. "வெள்ளம் வருது! ஏ, வெள்ளம் வருது!"

பந்தலே சிரிச்சுது. "கொண்டா தாயி, ரெண்டு குடமாக் கொண்டா!"

"தண்ணி! தண்ணி!"ன்னு மாத்திச் சொல்லிப் பாத்தா. "அடேயப்பா, நம்ம பேச்சு படிச்சுட்டாளே!"ன்னு அதுக்கும் சிரிப்பு.

"ஏட்டி, குயிலு கூவுதது காதுல விழலையா? அண்டா காலியாக் கெடக்கு, போ!"ன்னா மாமியா.

நீலம்மைக்கு அலுப்புன்னா அப்படி ஒரு அலுப்பு. தான் பாட்டுக்கு மேட்டுல ஏறி உக்காந்திருக்கலாம், யாரு கேக்கப் போறா? ஆனா பந்தக்கால்ல கட்டின தொட்டில்ல பிள்ளைக தூங்குது. நேரா மணவறைக்கு முன்னால போனா. குடத்தைத் தூக்கினா. போட்டா ஒரே போடு!

கல்யாண வீட்டுல மண்குடம் உடைக்கலாமா? அது பொணத்துக்கு முன்னால உடைக்கதுல்லா! பத்தாததுக்கு, "எழவு வீட்டுக்குக் கல்யாணம் ஒரு கேடா!"ன்னு வேற கத்தினா.

"பிடிங்கலே அவளை!" பொண்ணு மாப்பிள்ளை, கரண்டியோட சமையக்காரன், பிள்ளையை இடுக்கிக்கிட்டு பொம்பளைக, கொண்டை அவுந்த மாமியா, தெருவே அவ பின்னால. அவ மேட்டைப் பாத்து ஓடுதா, ஓடுதா, திரும்பிப் பாக்காம ஓடுதா.

மேட்டு உச்சியில மயிரைப் பிடிச்சுட்டாவ. ஓங்கின கை ஓங்கினபடியே நிக்கு. கீழ பாத்தா பந்தலைக் காணும், தெருவையும் காணும்.

நீலம்மை அப்படியே மண்ணுல சாஞ்சா. "எனக்குக் கொஞ்சம் வெள்ளம் தாங்க"ன்னா.

ஒருத்தரும் சிரிக்கல. ஆவுடைச்சிதான் ஓடினா, மேட்டுக் கெணத்துல கோரிக் கொண்டாந்தா. அந்தத் தெருவுல அவளுக்குன்னு இன்னொருத்தர் சுமந்த தண்ணி அதுதான் மொத தண்ணியாம்.

அதான் குடமுடைச்சா மேடு. இன்னைக்கும் மாசியில வேம்பு பூத்தா அங்க ஒரு குடம் உடைப்பாவ. அன்னிக்கு மருமவ இடுப்புல குடம் ஏறப்படாது, மாமியாதான் சுமக்கணும். கொடுக்கையில தண்ணின்னும் சொல்லப்படாது. "வெள்ளம் குடி, தாயி"ன்னுதான் சொல்லணும்.