சங்கிலியின் கையில் என்ன வாள்

“ஹலோ... ஓம், ஹியூபேட்தான்... ஓம் ஓம், காலையில கதைச்சனீங்கதானே, குரல் தெரியுது... சொல்லுங்க செல்லையா அண்ணன்... இல்லையில்லை, தனியத்தான் இருக்கிறன். வைஃப் சேர்ச்சுக்குப் போயிட்டா.”

தனியத்தான் இருக்கிறானாம். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு பாக்கியலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். வாயில் விரலை வைத்து அவளை அடக்கிவிட்டுத்தான் ஹியூபேட் ரிசீவரையே தூக்கினான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காணாமல் போனது அவளுடைய அண்ணன். பதினொரு நாளாகச் சோறு தொண்டையில் இறங்காமல் கிடப்பது அவள். போனில் கதைப்பது மட்டும் இவனாம்.

“சரியா நாலு மணிக்கு எடுத்திட்டீங்க... ஓம்... ராமர் எப்படி இருக்கிறான்?... சாப்பிடுறானா... ம்... ம்... அடிகிடி ஒண்டும் இல்லையே... ஆ, நல்லம்... நல்லம்.”

அந்த ‘நல்லம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹியூபேட்டின் முகத்தில் ஒரு நல்லதும் தெரியவில்லை. வலது காதிலிருந்த ரிசீவரை இடது காதுக்கு மாற்றினான்.

பதினொரு நாளுக்கு முன்பு கொழும்பு வெள்ளவத்தையில், அவளும் அண்ணனும் வாடகைக்கு இருந்த அறையின் வாசலில் வைத்தே இராமரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று தெரியாது. போய்க் கேட்ட இடமெல்லாம் எங்களிடம் இல்லை என்று கையை விரித்தார்கள். வேனின் நம்பரையும் இறங்கிய இரண்டு பேரின் முகத்தையும் கண்டவள் பாக்கியலெட்சுமி ஒருத்திதான். பயப்படாமல் அதைப் பொலிஸில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். மறுநாளே அறைக்கு ஆள் வந்து அவளைத் தேடியது. அண்ணனின் சிநேகிதன் என்ற ஒரே உரிமையில் ஹியூபேட் அவளை ஓட்டோவில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து தன் வீட்டுப் பின்னறையில் வைத்தான். அன்றிலிருந்து யன்னலைக்கூட அவள் திறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில்தான் இந்தச் செல்லையாவின் முதல் கோல். இராமரோடு ஒன்றாக அடைபட்டிருந்து வெளியே வந்தவன் என்றும், உள்ளே ஒரு ஆளைப் பிடித்து இன்னும் சேதி கொண்டுபோய்க் கொண்டுவருகிறான் என்றும், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனால் ஒருதரம் அண்ணனைக் காட்டுவான் என்றும் ஹியூபேட் அவளுக்குச் சொன்னான். அவள் உடனே செருப்பைத் தேடினாள். அவனோ அதற்கு முன்பே, இராமரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு நாலு மணிக்கு எடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டிருந்தான். கேள்வியாவது உருப்படியான கேள்வியா? கம்ப்யூட்டர் கேமில் இராமருடைய ஆளின் கையில் என்ன வாள் என்ற கேள்வி.

“ஓம் அண்ணன், அந்தக் கேம் விஷயம்தான்... ஓம், விசர்க் கேள்விதான், எனக்கும் தெரியுது... சீச்சீ, உங்களை நம்பாமல் இல்லை... கோவிக்காதீங்க அண்ணன். இந்த நாளையில ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்... ஓம்... ஓம்... என்ட நம்பர் எப்படிக் கிடைச்சதெண்டு காலையில கேட்க மறந்திட்டன்... ஆ. அவன்தான் தந்தவனா. பாடமாச் சொன்னவனா... ம்.”

இராமருக்கு ஒரு நம்பரும் பாடமில்லை. தங்கச்சி வேலை செய்யும் தையல் கடை நம்பரையே செல்போனில் பார்த்துத்தான் அடிப்பான். அந்தச் செல்போனும் அவனோடு வேனில் போனதுதான். பாக்கியலெட்சுமிக்கு இது மூளையில் பட்டது, ஆனால் நிற்கவில்லை. அண்ணன் சாப்பிடுகிறானாம். அது போதும் அவளுக்கு.

அவளுக்கு அந்தக் கேமே பிடிக்காது. இராமர் பகலெல்லாம் பிறத்தியாருடைய கம்ப்யூட்டரைத் திருத்துவான், மிச்ச நேரமெல்லாம் தன்னுடையதில் வாளோடு திரிவான். உலகத்திலுள்ள வேலையற்றவர்கள் அத்தனை பேரும் கூடுகிற ஒரு சந்தை அது. இராமரின் ஆளுக்குச் சங்கிலி என்று பேர். அப்பாவின் பேர். தேயிலைத் தோட்டத்தில் குனிந்த தலை நிமிராமல் செத்துப்போன மனிதரின் பேரைக் கொண்டுபோய் இரும்புச் சட்டை போட்ட சண்டைக்காரனுக்கு வைத்திருந்தான். ஹியூபேட்டின் ஆள் வைத்தியன். சங்கிலி முன்னால் நின்று வெட்டினால் இவன் பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போடுவான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக் வேலை பார்க்கிற, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் செய்கிற காரியம் இது.

பூதத்தோடு சண்டை பிடிப்பதில் இவர்களுக்கு ருசியில்லை. ஆளோடு ஆள் மோதவேண்டும். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஐந்து புள்ளி கிடைக்கும், அதைப் பலத்தில் போடலாம், வேகத்தில் போடலாம், உசிரில் போடலாம். போட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. வாள்காரன் என்றால் எல்லாரும் பலத்தில் கொட்டி, இரண்டு கையால் தூக்குகிற பெரிய வாளை எடுப்பார்கள். இராமர் இரும்புச் சட்டையைச் சுமக்கிற அளவுக்கு மட்டும் பலத்தில் போட்டான். மிச்சம் முழுவதையும், எத்தனை அடி விழுந்தாலும் தாங்குவதற்காக, உசிரில் போட்டான். சின்ன வாள், பெரிய கேடயம். அடிக்கிறவன் அடித்து அடித்துக் களைத்துப்போனதும் கிட்டப் போய் முடிப்பான்.

ஆனால் அதை வெளியே காட்டமாட்டான். சந்தையில் நடக்கும்போது சங்கிலியின் தோளில் பெரிய வாள்தான் கிடக்கும். சண்டை தொடங்கியதும் ஒரே ஒரு தட்டு, வாள் மாறிவிடும். பெரிய வாளுக்கு ஆயத்தமாக வந்தவன் முழிப்பான். வெள்ளவத்தை நெட் கபேயில் யாராவது வந்து, புள்ளியை எதில் போட்டிருக்கிறான் என்று அறிய, “மச்சான், என்ன பில்ட்?” என்று கேட்டால் இராமர் கொஞ்சமும் கூசாமல், எல்லாம் பலத்தில்தான், இரண்டு கை வாள், கேடயமே கிடையாது என்று ஒப்புவிப்பான். இந்த விளையாட்டில் உள்ளதைச் சொல்பவன் தோற்றான். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஹியூபேட். மற்றவள், கேட்காமலே, சோறு வடித்துக்கொண்டு நின்றபோது சொல்லக் கேட்டவள்.

“அப்ப சொல்லுங்க அண்ணன், என்ன சொன்னவன்?... ம்... பொறுங்க, ஒரு பேனை எடுக்கிறன்.”

பேனை அவன் கையிலேயே இருந்தது. நேரம் எடுக்கிறான். பாக்கியலெட்சுமிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழும்பிக் கையை நீட்டினாள்.

“அண்ணே, குடுங்க. நான் கேக்குறேன்.”

கிசுகிசுத்துத்தான் சொன்னாள். ஹியூபேட் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினான்.

“என்ன?... இஞ்சயா?... ஆருமில்லையே... பொம்பிளைக் குரலா? அது ரேடியோ அண்ணன். பக்கத்து வீட்டில போட்டிருக்கிறாங்க... ஓம்... ஓம், நாடகம் போகுதாக்கும்... இல்லை, உங்களுக்கு நான் ஏன் பொய் சொல்லப்போறன்.”

திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, அதட்டலும் இருந்தது. கையை நீட்டியபடியே அவள் நின்றாள்.

“சரி, சொல்லுங்க... ஓம்... ரெண்டு கை வாள்... ஆ, பெரிய வாள்... புள்ளி?... எல்லாம் பலத்துக்கா?... முழுக்கவா?... உசிருக்கு ஒண்டும் போடேல்லையா... கேடயம்?... கேடயமே இல்லை.”

ஹியூபேட் ஒன்றும் எழுதவில்லை. பேனை கடுதாசியில் குத்தி நின்றது.

கேடயமே இல்லை. பாக்கியலெட்சுமியின் காதில் அது அண்ணனின் குரலிலேயே விழுந்தது. நெட் கபே வாசலில் தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு சொல்லுவானே, அந்தக் குரல். நீட்டிய கை தானாக இறங்கியது.

அனுப்பினவன் இராமரென்றால், நம்பி அனுப்பினவனென்றால், சின்ன வாள் என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும். பெரிய வாள் வேற்றாளுக்குச் சொல்லுகிற வாள். இதற்குத்தான் இந்த மனிதன் கேமைக் கேட்டானா என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ஆனாலும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனை அடித்திருந்தால்? தலை குழம்பிப்போய் வாய்ப்பழக்கத்தில் சொல்லியிருந்தால்? கையெட்டும் தூரத்தில் வந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறாளோ?

ஹியூபேட்டுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

“அண்ணன், இன்னொருக்காச் சொல்லுங்க... அவன் எப்படிச் சொன்னவனோ அப்படியே... ம்... உடன சொன்னவனா, யோசிச்சுச் சொன்னவனா?... ம்... ‘ஹியூபேட்டுக்கு நல்லாத் தெரியும்’ எண்டவனா... கேட்டாத் தெரியுமெண்டு... சிரிச்சவனா?”

சிரித்தானாம். பாக்கியலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தாள். குழம்பின தலையில்லை அது. பெரிய வாளைச் சொன்னதுமல்லாமல் அதை ஹியூபேட்டின் காதில் போடச் சொல்லியும் அனுப்பியிருக்கிறான். அவளுக்கு அந்த நிமிடத்தில் வந்தது சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

ஹியூபேட்டின் குரல் திடீரென்று குழைந்தது.

“ஐயோ அண்ணன், அப்ப அது அவனேதான். சத்தியமாச் சொல்றன், சந்தேகமே இல்லை... மன்னிச்சுக்கொள்ளுங்க, உங்களை வீணா அலைக்கழிச்சிட்டன்... ஓம்... ஓம்... தங்கச்சியா? பாக்கியமா?... ஐயோ, அதைத்தான் சொல்ல வாறன். அவ போயிட்டாவே... இந்தியாவுக்கு. வெள்ளிக்கிழமை... ஓம், பிளேனில. நான்தான் ஏத்திவிட்டனான். திருச்சியில அம்மாட ஆக்கள் இருக்கிறாங்களாம்... நம்பரா? போய்ச் சேர்ந்து எடுக்கிறனெண்டவ, இன்னும் எடுக்கேல்லை... ஓம், எனக்கும் அதுதான் கவலை.”

ஞாயிறு தவறாமல் பூசை காணுகிற மனிதன். மனைவியிடம் ஒரு சின்னப் பொய் சொன்னாலே காது சிவந்துபோகும் என்று இராமர் சொல்லிச் சிரிப்பான். இப்போது காது சிவக்கவில்லை. நெற்றி மட்டும் வேர்த்து வடிந்தது.

“காலையில ஏன் சொல்லேல்லையா?... காலையில நீங்க ஆரெண்டு தெரியாதே அண்ணன். இப்பத்தானே தெரியுது.”

இதைச் சொன்னபோது அவன் பாக்கியலெட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானா?... நான் வந்து என்ன செய்ய அண்ணன்... பொரளைச் சந்திக்கு... நாளைக்கு... பாப்பம், கந்தோரில லீவு கேக்கவேணும்... ஏன் சத்தம் போடுறீங்க?... இல்லை அண்ணன், நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை... வீடு தெரியுமா. தெரிஞ்சா வாங்களன், ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்... ம்... ம்... ம்.”

இந்த மூன்றாவது ‘ம்’முக்கும் முதலாவது ‘ம்’முக்கும் இடையில் அவன் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

“அண்ணன், அண்ணன், வைக்காதீங்க. ஒரே ஒரு விஷயம். ராமரிட்ட இதை மட்டும் சொல்லிவிடுங்க... ஒண்டுமில்லை, கேம் விஷயம்தான். சங்கிலிட கையில அந்தப் பெரிய வாளே இருக்கட்டுமாம். நல்ல வாளாம். கடைசிவரை மாத்தவேண்டாமெண்டு சொல்லுங்க... ஓம், ஹியூபேட் சொன்னதெண்டு... பின்னால நான் நிக்கிறனெண்டும் சொல்லுங்க... அவ்வளவுதான்... ஹலோ... செல்லையா அண்ணன்... ஹலோ...”

லைன் செத்துப்போயிருந்தது. ஹியூபேட் ரிசீவரை வைத்தான். முதல்தரம் சரியாக உட்காரவில்லை, எடுத்துத் திரும்ப வைத்தான்.

“வெளிக்கிடு பாக்கியம். வீடு தெரியுமெண்டது பொய்யெண்டாலும், இந்த நம்பரை வச்சுப் பிடிக்க அவங்களுக்கு ஒரு நாள் போதும். வைஃபும் பிள்ளையளும் சேர்ச்சாலயே அவட தாய் வீட்டுக்குப் போகட்டும். உன்னை நான் மட்டக்குளியில எங்கட கந்தோர் ஸவாஹிர் வீட்டில விடுறன்.”

அவள் எழும்பவில்லை.

“அண்ணன் இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருந்திருக்கு. இல்லையாண்ணே?”

“ஓம். காலையில கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கே. இருந்திருக்கிறான்.”

“அடிச்சிருப்பாங்களா?”

பிளேன் என்றும் திருச்சி என்றும் ரேடியோ என்றும் இவ்வளவு நேரமாக அளந்தவனுக்கு, இதற்கு மட்டும் ஒரு பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேனையை மூடினான்.

பாக்கியலெட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“பரவாயில்லண்ணே,” என்றாள். “அண்ணன் புள்ளியெல்லாத்தையும் உசிருலதானே போட்டு வச்சிருக்கு.”

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.