வலிக்காத கை

புண்ணுக்குக் கட்டுப்போட வெந்நீரும் பொறுமையும் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பதினாறு வருடம் இந்த வார்டில் கட்டுப்போட்டவன் நான். பழைய கட்டைப் பிரிக்கும்போது மீசைக்காரர்கள்கூட அம்மாவைக் கூப்பிடுவார்கள். என்னிடம் மட்டும் யாரும் அழுததில்லை.

"கையில என்னப்பா வச்சிருக்க?" என்று கேட்பார் தலைமை நர்ஸ். டாக்டருக்கு நான் கைராசிக்காரன்.

கையில் இருந்தது பீனால். கழிப்பறை கழுவ வரும் பழுப்புப் புட்டி. மேலே மண்டையோடு போட்டிருக்கும். தார் வாசனையில் கொஞ்சம் இனிப்பு கலந்தாற்போல் மணக்கும். காற்றுப் பட்டால் மெல்லச் சிவக்கும். கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி எது, சதை எது என்று அதற்குத் தெரியாது. பட்ட இடத்தை முதலில் மரத்துப்போக வைத்துவிட்டு, பிறகுதான் சுடும். அந்தக் குணத்துக்காகத்தான் கழுவும் நீரில் கலந்தேன்.

முதலில் போனவர் ஒரு தையல்காரர். புண்ணின் ஓரம் காகிதம்போல் வெளுத்தது, சிறுநீர் கறுத்தது. வயசாகிவிட்டது என்றார்கள். எனக்குத் தெரியும். அடுத்து ஒரு பஸ் கண்டக்டர், ஒரு டீச்சரம்மா. இருவரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு ஏழாம் கட்டிலுக்கு என் அண்ணனே வந்தான், தொடையெல்லாம் தீப்புண். அவனுக்கு வெறும் வெந்நீர்தான் என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது கட்டைப் பிரித்தேன்.

"டேய், கட்டைப் பிரிக்கிறியா, தோலை உரிக்கிறியா? சின்ன வயசுல உன் பட்டத்தைக் கிழிச்சதுக்கு இப்பப் பழி வாங்குறியா?" என்று கத்தினான்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டாக்டர், "என்னப்பா, கைராசி லீவுல போயிடுச்சா?" என்றார்.

மறுநாள் புட்டியைத் திறந்தேன்.

"தொட்டதே தெரியலடா. இன்னைக்குத்தான் நீ என் தம்பி," என்றான் அண்ணன். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் அவனுடைய சிறுநீர் கறுத்திருந்தது. யாரும் பார்க்குமுன் கொட்டிக் கழுவினேன். அன்றும் அதே நீரில்தான் கட்டுப்போட்டேன். எட்டாம் நாள் அவனும் போய்விட்டான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான்கு பேர். ஆனால் என் கையில் யாரும் அழவில்லை என்பதையும் எழுதுங்கள். அண்ணன் கத்திய நாளைச் சேர்க்க வேண்டாம். அன்று வெறும் வெந்நீர்தான்.