சத்தமில்லாத உருண்டை

— மூச்சு வாங்கிட்டே சொல்லுங்க சோர்சி ஐயா. வெள்ளைப் பெட்டியா, பச்சைப் பெட்டியா?

— உட்காரவாவது விடேன், ஓர்செத்தா.

— உட்காருங்க. அங்கியில கிழிசல் தெரியாம மடிச்சுக்குங்க. வெனிஸ் மகாசபையில ஓட்டுப் போடற பிரபு! இந்தாங்க, வெங்காயத்துல ஊறவச்ச மத்தி மீன்.

— உன் புருஷனோட முக்காலியிலதான் உட்காரணுமா?

— ஏழு வருஷமா உட்காராததா? வெத்தோர் திரும்பி வந்துட்டா அப்புறம் எங்க உட்காருவீங்களாம்?

— அதைத்தான் நானும் வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன்.

— சொல்லுங்க ஐயா. வெள்ளையில நிறைய விழுந்தா அவர் அக்கரையில இருக்கற சாரா ஊர்லேர்ந்து கப்பலேறுவார். பச்சைன்னா சாகற வரைக்கும் நாடுகடத்தல்தான். குடிபோதையில ஒருத்தனைக் கத்தியால கீறினதுக்கு இந்த ஏழு வருஷம் போதாதா?

— ஒரு இங்கிலாந்து வியாபாரி இன்னிக்கு சபை மாடத்துல நின்னு வேடிக்கை பார்த்தான். ஓட்டுப் போடறதையே "பலோத்தா"ங்கறான். ஊருக்குப் போயும் அப்படியேதான் சொல்லுவானாம்.

— பலோத்தான்னா குட்டி உருண்டை. நான் சபைக்குப் பழந்துணியில தைச்சுக் குடுக்கறது. அதைப் போய் ஊரூரா ஓட்டுக்குப் பேரா வைப்பாங்களாக்கும்!

— கேளேன். முன்னாடி மரத்துல செஞ்சப்போ டொக்குன்னு கேட்குமாம். எந்தப் பெட்டியில விழுதுன்னு பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரிஞ்சிடும்.

— இப்போ தெரியாது. ஒவ்வொண்ணையும் அவரை நினைச்சுக்கிட்டே தைச்சேன். ஏன் இடது கையால சாப்பிடறீங்க?

— வலது கை குளிர்ல விறைச்சுப் போச்சு.

— பேச்சை மாத்தாதீங்க. ஓட்டு என்னாச்சு?

— ஒண்ணுல போச்சு.

— ஒண்ணுலயா?

— வெள்ளையில இன்னும் ஒரே ஒரு உருண்டை விழுந்திருந்தா அவன் வந்திருப்பான்.

— யாரு அந்தப் பாவி? அவன் கையில புழு வைக்க! பச்சையில போட்டுட்டு சிரிச்சுக்கிட்டே போயிருப்பான்.

— சிரிக்கல. பச்சையிலயும் போடல.

— அப்போ அந்த உருண்டை எங்க போச்சு?

— ரெண்டு பெட்டியையும் கைய மூடினபடியே தாண்டி வந்துட்டேன், ஓர்செத்தா. இன்னும் திறக்க மாட்டேங்குது; நீயே விரலைப் பிரிச்சு எடுத்துக்கோ.