சிப்புக்குக் கண் தெரியுதா?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் செல்போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தெரியுதா? மொதல்ல அதச் சொல்லு."

சிக்னல் போய்விட்டது.

அவள் பக்கத்தில், கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போகும் அம்மாள் ஒருவர். "யாருக்கும்மா ஆபரேசன்?"

"ஆபரேசன் இல்லங்க. செல்போன் கேமராவுக்கு நாங்க டிசைன் பண்ண சிப்பு. இன்னிக்குத்தான் மொதமொதலா கரண்ட் குடுத்துப் பாக்குறாங்க. நான் லீவுல வந்து மாட்டிக்கிட்டேன்."

"சிப்புக்கு ஏதும்மா கண்ணு?"

"அது பூரா சின்னச் சின்னப் புள்ளிங்க. ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தத் தானே அளந்து, வெயில்னா கொறச்சுக்கும், இருட்டுன்னா கூட்டிக்கும். போன தடவ செஞ்சதுக்கு ஒண்ணுமே தெரியல."

"பொறவிக் குருடா?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் உடனே எழுந்து ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். "வெளிய நீட்டிப் புடி, டவர் கெடைக்கும்."

"கைய உள்ள எடும்மா," என்றார் கண்டக்டர்.

"அவ புள்ளைக்குக் கண்ணு தெரியுதான்னு கேட்டுக்கிட்டிருக்கா. நீ சும்மா இருய்யா."

போன் அடித்தது. அவள் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நெசமாவா? அஞ்சு வெரலுமா?"

திரும்பி அந்த அம்மாளிடம் சொன்னாள். "அதுக்கு முன்னாடி கையக் காட்டிருக்காங்க. அஞ்சு வெரலும் தெரியுதாம்."

"தெரியுதாம்ப்பா," என்று அம்மாள் பஸ் முழுக்கச் சொன்னார்.

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வந்தார். "நல்லதும்மா. புள்ளைக்கு என்ன வயசு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தாங்க பொறந்துச்சு."